ஒன்றும் செய்யாது!

தோழா,

"ஒன்றும் செய்யாது!"

இரண்டே சொற்கள். நாட்டிலே இன்று மிகுதியாக வழங்கப்படும் உறுதிமொழிகளில் இதுவும் ஒன்று. தேர்தல் காலத்து உறுதிமொழி பொய்த்துப் போனால், ஐந்தாண்டு கழித்தேனும் அதைத் தந்தவரைக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்கலாம். இந்த உறுதிமொழி பொய்த்துப் போனாலோ, கேள்வி கேட்க வேண்டியவள் மருத்துவமனைக் கட்டிலிலே மயங்கிக் கிடப்பாள்! வழங்குபவர் நாய்க்கு உரிமையாளர். பெறுவது மூன்று வயதோ, நான்கு வயதோ நிறைந்த பச்சிளங் குழந்தை. வழங்கப்படும் இடம் பூங்கா, கடற்கரை, தெருமுனை, அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டு.

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆனால் இந்தக் காட்சியை நான் எழுதத் தேவையில்லை. நீயே பலமுறை கண்டிருப்பாய்.

மாலை நேரம். நகராட்சிப் பூங்கா. புல்தரையிலே ஒரு குழந்தை பந்து உருட்டி விளையாடுகிறது. வாயில் வழியே வருகிறார் ஒரு கனவான். கையிலே சங்கிலி இருக்கிறது. ஆம், கையிலேதான் இருக்கிறது. நாயின் கழுத்திலே இல்லை! நாலுகால் பாய்ச்சலில் நாய் முன்னே வருகிறது. குழந்தை அலறுகிறது. தாய் ஓடி வருகிறாள்.

தாய்: ஐயா, நாயைப் பிடியுங்கள்!

கனவான்: பயப்படாதே அம்மா! ஒன்றும் செய்யாது!

தாய்: குழந்தை நடுங்குகிறதே ஐயா!

கனவான்: ஓடாதே என்று குழந்தைக்குச் சொல். ஓடினால்தான் துரத்தும்!

கேட்டாயா தோழா, தீர்ப்பை! அடங்க வேண்டியது நாய் அல்லவாம், குழந்தையாம்! ஓடுவதற்கென்று ஊரார் வரிப்பணத்தில் அமைத்த புல்தரையிலே குழந்தை ஓடலாகாதாம். கட்டி நடத்தப்பட வேண்டிய நாய் கட்டவிழ்ந்து ஓடலாமாம்!

மனுநீதிச் சோழன் கதையை மேடைதோறும் பேசுகிறோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே அவனுக்குச் சிலையும் இருக்கிறது. அரசிளங்குமரன் தேரோட்டி வந்தான். துள்ளி ஓடி வந்த கன்று சக்கரத்திலே சிக்கி மாண்டது. 'கன்று ஏன் குறுக்கே ஓடியது?' என்று அந்த அரசன் கேட்டதாகக் கதையிலே இல்லை. 'என் மகன் நல்லவன். அவன் தேர் ஒன்றும் செய்யாது' என்று தாய்ப்பசுவிடம் அவன் கூறியதாகவும் இல்லை. தேர் எவனுடையதோ அவனே பொறுப்பு என்றான். கதைதான், ஆயினும் கருத்து பொன்னானது.

கதையை விடு. கண்முன் நடந்ததைச் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டு, மே மாதம் 5ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஆயிரம் விளக்குப் பகுதி, மாடல் பள்ளிச் சாலையிலே உள்ள மாநகராட்சிப் பூங்கா. அந்தப் பூங்காவின் காவலாளிக்கு ஐந்து வயதிலே ஒரு மகள். குடும்பம் குடியிருந்ததும் பூங்காவுக்குள்ளேதான். ஊராருக்கு அது உலாவுமிடம். அவளுக்கோ அதுவே வீட்டு முற்றம். அன்று கட்டவிழ்ந்து வந்த இரண்டு ராட்வெய்லர் நாய்கள் அந்தச் சிறுமியின் மீது பாய்ந்தன, தலையைக் குதறின. காப்பாற்றப் பாய்ந்த தாயும் கடிபட்டாள். சிறுமி உயிர் பிழைத்தாள். ஆனால் அறுவை மேசையிலே கிடத்தப்பட்ட பிறகே பிழைத்தாள். காவல்துறை வழக்குப் பதிந்தது, உரிமையாளர் கைதானார். அதன் பின்னர் மாநகராட்சி அறிவித்தது: பூங்காவுக்குள் அழைத்து வரப்படும் நாய் கட்டப்பட்டிருக்க வேண்டும், வாய்மூடி அணிந்திருக்க வேண்டும், உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று.

உரிமத்துக்கு அன்று ஆண்டுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? வெறும் 50 ரூபாய்! நாய்க்கு வாங்கும் ஒரு வேளைத் தீனியின் விலை இருக்கலாம். அந்த 50 ரூபாய்ச் சீட்டை மாநகரம் நினைவுகூர்வதற்கு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இரத்தம் சிந்த வேண்டியிருந்தது!

'நாய் கடிக்காத ஊர் உண்டா? பெரியவர்களும்தானே கடிபடுகிறார்கள், குழந்தையை மட்டும் தனியே பிரித்துப் பேசுவானேன்?' என்று கேட்பாருண்டு. பிரித்துத்தான் பேச வேண்டும். காரணம் உண்டு.

வளர்ந்த மனிதனை நாய் கடித்தால் பெரும்பாலும் காலிலோ கையிலோ கடிக்கும். மூன்று வயதுக் குழந்தை நின்றால், அதன் முகம் இருக்கும் உயரத்திலேதான் பெரிய நாயின் வாய் இருக்கிறது. ஆகவே சிறு குழந்தைக்கு விழும் கடி முகத்திலும், தலையிலும், கழுத்திலும் விழுகிறது. காலில் விழுந்த தழும்பை வேட்டி மறைக்கும்; கன்னத்தில் விழுந்த தழும்பை எது மறைக்கும்?

மேலும், நாய்க்கும் ஒரு மொழி உண்டு. உடல் விறைப்பது, உதட்டை நக்குவது, பார்வையைத் திருப்புவது, மெல்ல உறுமுவது ஆகிய இவை யாவும் 'விலகிப் போ' என்று நாய் விடுக்கும் எச்சரிக்கைகள். பழகிய பெரியவர் புரிந்து கொள்வார். குழந்தைக்கு அந்த மொழி தெரியாது. அது நாயின் கண்ணை உற்றுப் பார்க்கும். கழுத்தைக் கட்டிக் கொள்ளும். காதைப் பிடித்து இழுக்கும். அச்சம் வந்தால் கிறீச்சிட்டு ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. அலறுவதும் ஓடுவதும் குழந்தையின் இயல்பு. இயல்பு இரண்டும் மோதும் இடத்திலே, இடையே நிற்க வேண்டிய அறிவு யாருடைய அறிவு? நாயின் அறிவா, குழந்தையின் அறிவா? மூன்றாவதாக அங்கே நிற்கிறாரே சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு, அவருடைய அறிவன்றோ!

'குரைக்கிற நாய் கடிக்காது' என்றொரு பழமொழியை இங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். பழமொழி நமக்குத் தெரியும்; நாய்க்குத் தெரியுமா?

இன்னொன்றும் உண்டு. வெறிநோய் இருக்குமோ என்று ஐயுறத்தக்க விலங்குகளால் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அந்நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. குழந்தை கடிபட்டாலும் பல வேளைகளில் வீட்டாரிடம் சொல்வதில்லை. அடி விழுமோ என்று அஞ்சி மறைத்துவிடும். ஆகவே நம் பேச்சிலே முதலிடம் குழந்தைக்கு.

இனி, தோழா, ஊரைப் பற்றிப் பேசிய நான், என்னைப் பற்றியும் பேச வேண்டும். பேசாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாவட்டத் தலைநகர் ஒன்றிலே பொதுக்கூட்டம். பேச்சாளன் நான். மாலை ஐந்து மணிக்கே திடலுக்குச் சென்றுவிட்டேன். மேடை எழும்பிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு வருவோரை நம்பிச் சுண்டல் கூடையோடு ஒரு பெண் திடலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அருகே அவளுடைய மகன், நான்கு வயதிருக்கும். அவ்வழியே வந்தார் ஊர்ப் பெரியவர் ஒருவர். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பொருள் உதவியவர் அவர். உடன் வந்தது கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய், கட்டவில்லை. சுண்டல் வாடை இழுத்ததோ, பையனின் கையிலிருந்த பொட்டலம் இழுத்ததோ, நாய் பாய்ந்தது. பையன் பின்வாங்கி, பக்கத்துச் சாக்கடையிலே விழுந்தான். முழங்கால் சிராய்த்தது, பொட்டலம் போயிற்று, கடி விழவில்லை.

"ஒன்றும் செய்யாது, ஒன்றும் செய்யாது" என்றார் பெரியவர். சுற்றியிருந்தோர் சிரித்தனர். மகனைச் சாக்கடையிலிருந்து தூக்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்:

"கடிச்சாத்தானுங்களா, ஐயா, செஞ்சதா ஆகும்?"

அவர் விடை கூறவில்லை. நானும் கூறவில்லை. அன்றிரவு அதே மேடையிலே ஏறி, ஏழையின் உரிமையைப் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கினேன், கைதட்டலுக்குக் குறைவில்லை. திடலோரத்தில் ஏழை ஒருத்தி கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. மேடைக்குக் காசு கொடுத்தவர் அவரல்லவா! நாக்கு சுருண்டு கொண்டது. சங்கிலி இல்லாதது அன்று நாயின் கழுத்தில். சங்கிலி விழுந்தது என் நாவில்!

அவளுடைய கேள்வியைப் பிற்பாடு தேடிப் போனேன். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். சட்டக் கல்லூரி வாயிலை மிதித்தவன் அல்லன். ஆயினும் படித்தவர்களிடம் கேட்டறிந்தேன். வியந்து போனேன். சுண்டல் விற்ற அந்தப் பெண் கேட்டது, சட்டம் இயற்றியவர்களே கேட்ட கேள்வி!

1860ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சியிலே எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? தன்னிடமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ, கொடுங்காயம் நேர்வதற்கோ ஆபத்து வரக்கூடும் எனில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அறிந்தோ அசட்டையாகவோ இருப்பதே குற்றம் என்றது. கவனித்தாயா? கடித்த பிறகு அன்று; காக்கத் தவறிய போதே குற்றம்! தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860இல் 1,000 ரூபாய் என்பது ஒரு சிறு செல்வம். அதே 1,000 ரூபாய் 2024 வரை மாறாமல் நின்றது! 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு அதை 5,000 ரூபாய் ஆக்கியது. சிறைக்காலம் அதே ஆறு மாதந்தான். 164 ஆண்டுகளில் ஐந்து மடங்கு! அரிசி விலை அப்படியா ஏறிற்று?

கடல் கடந்தும் பார்க்கலாம். 1991 மே மாதம் இங்கிலாந்திலே பிராட்ஃபோர்டு நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பிட்புல் நாய் குதறியது. நாடு கொதித்தது. அவ்வாண்டிலேயே ஆபத்தான நாய்கள் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்திலே ஒரு விளக்கம் இருக்கிறது: நாய் ஒருவரைக் காயப்படுத்திவிடும் என்று நியாயமாக அஞ்சுவதற்கு இடம் இருக்குமானால், அது காயப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும், கட்டுமீறிய நாய்தான். 'கடிச்சாத்தானுங்களா செஞ்சதா ஆகும்?' என்ற கேள்விக்கு, 'இல்லை தாயே, இல்லை' என்று சட்டம் கூறும் விடை இது.

சட்டம் விடை கூறுகிறது. சபையிலே இருந்தவர்கள் ஏன் கூறவில்லை?

இங்கேதான், தோழா, நாய்ப் பிரச்சினை நாயை விட்டு மனிதனிடம் வருகிறது. உழவன் மாட்டைப் பார். மூக்கணாங்கயிறு இல்லாமல் அவன் காளையைச் சந்தைக்கு ஓட்டி வருவதில்லை. போரடிக்கும் மாட்டுக்கும் வாய்க்கூடு கட்டியவன் அவன். அவனுடைய பசு கயிறறுத்துக்கொண்டு அடுத்தவன் வயலில் வாய் வைத்தால், 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி அதைப் பிடித்துப் பவுண்டிலே அடைத்தார்கள். அபராதம் கட்டி, தீனிச் செலவும் கட்டி, கைகட்டி நின்று மீட்டு வந்தான். 'என் பசு சாது. ஒன்றும் செய்யாது' என்று அவன் சொன்னால் எவரும் கேட்டிலர். ஏழையின் பசு நாற்றைத் தின்றால் பவுண்டு. வசதி படைத்தவரின் நாய் பிள்ளையைத் துரத்தினால் புன்னகையா? நாற்றுக்கு இருந்த காவல் நம் மழலைகளுக்கு இல்லையா?

பூங்காக் காவலாளியை நினைத்துப் பார். 'நாயைக் கட்டுங்கள் ஐயா' என்று சொல்லும் கடமை அவனுக்கு உண்டு. சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? எதிரே நிற்பவர் காரிலே வந்து இறங்கியவர். ஒரு தொலைபேசி அழைப்பிலே தன் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறான். எவன் அஞ்சி வாய்மூடினானோ, அவனைப் போன்ற ஒருவனின் பிள்ளையைத்தான் 2024இல் நாய் குதறியது. கடிக்க வேண்டாத நாய்க்கு வாய்மூடி இல்லை. பேச வேண்டிய மனிதருக்கோ வாய்மூடி இருக்கிறது!

இந்த வழக்கைத் திசை திருப்பும் வாதங்கள் இரண்டு உண்டு. இரண்டையும் சந்திப்போம்.

முதல் வாதம்: 'குற்றம் இனத்தினுடையது, அந்தந்த இனத்தைத் தடை செய்துவிட்டால் தீர்ந்தது.' 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 இன நாய்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. உரியோரைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலிலேயே அதை நீக்கிவிட்டது. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வெய்லர் இனங்களுக்குப் புதிய உரிமம் இல்லை என்று முடிவெடுத்தது. பெரிய தாடை பெரிய காயம் செய்யும் என்பது மெய். அவ்வினங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டுவதும் மெய். ஆனால் பட்டியலிலே இல்லாத நாயெல்லாம் பரமசாது என்று எண்ணிவிட்டால், 'ஒன்றும் செய்யாது' என்ற பழைய பல்லவி புதிய மெட்டில் வந்துவிடும். நாட்டு நாயும் கடிக்கும். மடியில் வைக்கும் நாயும் குழந்தையின் கண்ணோரத்தைக் கடிக்கும். கேட்க வேண்டியது 'என்ன இனம்?' என்று மட்டும் அன்று, 'கயிறு எங்கே?' என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாம் வாதம்: 'தெருநாய்த் தொல்லையை முதலில் தீருங்கள், பிறகு வீட்டு நாயைப் பேசலாம்.' 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெருநாய் பற்றி ஆணைகள் பிறப்பித்தபோது நாடே இரண்டு அணியாக நின்று வாதிட்டது. அது பெரிய சிக்கல். கருத்தடையும் தடுப்பூசியும் பணமும் ஆளும் ஆண்டுகளும் தேவைப்படும் சிக்கல். வீட்டு நாய்க்கு வேண்டியதோ ஒரு கயிறும், அதைப் பிடிக்க ஒரு கையும்! தெருநாய்க்காக எவரைக் கேட்பது என்று தேட வேண்டும். வீட்டு நாய்க்கு உரியவர் அதன் பின்னாலேயே நடந்து வருகிறாரே! எளிதில் தீர்வதைத் தீர்க்காமல், அரிதானதைக் காட்டித் தப்புவது அறமாகுமா?

நாயை வெறுக்கச் சொல்கிறேன் என்று எவரும் திரித்துக் கூற வேண்டாம். நாய் நன்றியுள்ளது, காவல் காப்பது, தனித்திருக்கும் முதியோர்க்குத் துணையாவது. குற்றவாளிக் கூண்டிலே அதை நிறுத்த நான் முன்வரவில்லை. கல்லெடுக்கச் சொல்லவில்லை, கயிறெடுக்கச் சொல்கிறேன். ஒரு குழந்தையை அது கடித்துவிட்டால், பழியும் அதற்கே, தண்டனையும் அதற்கே. அன்புள்ளவன் தன் நாயை அந்த நிலைக்கு விடுவானா?

ஆகவே, தோழா, செய்ய வேண்டியவை சில.

நம் தோழர்களிலும் நாய் வளர்ப்போர் பெருகிவிட்டனர். முதல் திருத்தம் நம் வீட்டிலே நடக்கட்டும். வாயிற்படி தாண்டும் முன்பே கழுத்தில் கயிறு விழட்டும். நீளக் கயிறு வேண்டாம், கைக்கு அடங்கும் கயிறு போதும். அதைப் பிடிப்பவர், நாய் இழுத்தால் நிறுத்தும் வலிமை உடையவராக இருக்கட்டும்; பத்து வயதுப் பிள்ளையிடமோ, வேலைக்கு வரும் மூதாட்டியிடமோ பெரிய நாயை ஒப்படைத்து அனுப்பாதே. எதிரே குழந்தை வந்தால், குழந்தையை ஒதுங்கச் சொல்லாதே, நீ ஒதுங்கு. உரிமமும் தடுப்பூசியும் தவறாமல் எடு. 2025 இறுதியிலிருந்து சென்னையிலே உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு அபராதம் 5,000 ரூபாய் என்று மாநகராட்சி விதித்திருக்கிறது. அபராதத்துக்கு அஞ்சி அன்று, அறத்துக்கு அஞ்சிச் செய்.

உன் வட்டத்திலே பூங்கா இருந்தால் சென்று பார். விதி எழுதிய பலகை இருக்கிறதா? காவலாளி சொன்னால் கேட்கிறார்களா? கேட்காவிட்டால் அவன் பக்கத்திலே போய் நில். அவன் தனியாகச் சொன்னால் அது கெஞ்சல். நாலு பேர் உடன் நின்று சொன்னால் அது நியாயம். மாமன்ற உறுப்பினரிடம் கேள்: நாய்களை ஓட விடுவதற்கு வேலியிட்ட தனி இடம் ஒன்றை ஒதுக்கச் சொல். நாயும் ஓடட்டும், குழந்தை ஓடும் இடத்தில் ஓட வேண்டாம்.

குழந்தைகளுக்கும் கற்பி. தெரியாத நாய் வந்தால் ஓடாமல், கையை ஒட்டி, மரம் போல நிற்கச் சொல். கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டி, காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ளச் சொல். கடிபட்டால் மறைக்காமல் சொல்லச் சொல். சொன்ன பிள்ளையை அடிக்காதே. காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரிலே 15 நிமிடம் கழுவு. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் அப்பாதே. அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு போ. தடுப்பூசி போடத் தொடங்கினால், மருத்துவர் குறிக்கும் நாட்களில் ஒன்றையும் விடாதே. 'தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தான்' என்று உரிமையாளர் கூறினாலும் மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதே. ஆனால் ஒன்றை மறவாதே: இவையெல்லாம் குழந்தைக்கு நாம் தரும் கேடயம். கடமை குழந்தையுடையது அன்று, கயிற்றுக்கு உரியவருடையது.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை உன் காதிலே 'ஒன்றும் செய்யாது' என்ற சொல் விழும்போது, சொல்பவர் செல்வராக இருக்கலாம், செல்வாக்குள்ளவராக இருக்கலாம், நம் கூட்டத்துக்கு மேடை போட்டுத் தந்தவராகவும் இருக்கலாம். என்னைப் போல் நீ வாய்மூடி நிற்காதே. மரியாதையாக, ஆனால் அந்தத் தாயின் காதில் விழும்படி உரக்கச் சொல்:

"இருக்கலாம் ஐயா. முதலில் கயிற்றைக் கட்டுங்கள்."